கடலடியில் காற்றாலை வைக்கலாமா?

கேள்வி இதுதான்: "கடல் நீர் ஒரு நாளைக்கு நான்கு முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. காற்று மாதிரி ஏமாற்றுவதில்லை. அணை எதுவும் கட்டாமல், கடலடியில் நேரே ஒரு விசிறியை நட்டு மின்சாரம் எடுக்க முடியாதா? முடியும் என்றால் ஏன் எல்லா இடத்திலும் இல்லை? நம் பாக் நீரிணையில் வைக்கலாமா?"

முடியும். எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஏன் பரவவில்லை என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில் 'செலவு அதிகம்' என்பது. பொய்யில்லை, ஆனால் பாதி பதில்தான். நான் காற்றாலைப் பராமரிப்பில் பல வருடம் இருந்தவன். என் கண்ணுக்குப் படுவது வேறு: இந்த இயந்திரத்தைச் செய்வது பெரிய விஷயமில்லை, பழுதானால் அதைப் போய்த் தொடுவதுதான் பெரிய விஷயம். மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கரையில் வந்து உடைகிற அலை வேறு. அது காற்று உண்டாக்குவது. நாம் பேசுவது ஓதம். நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் மட்டம் ஏறி வற்றுகிறது, அப்படி ஏறி வற்றும்போது நீர் பக்கவாட்டில் ஓடுகிறது. ஓதத்திலிருந்து மின்சாரம் எடுக்க இரண்டு வழி. ஒன்று, கழிமுகத்தில் தடுப்பணை கட்டி, ஏறிய நீரைத் தேக்கி, உயர வித்தியாசத்தில் டர்பைனை ஓட்டுவது. பிரான்சில் ரான்ஸ் கழிமுகத்தில் 1966 முதல் ஓடும் 240 மெகாவாட் நிலையம் அப்படிப்பட்டது. தென் கொரியாவின் சிஹ்வாவில் 2011-இல் தொடங்கிய 254 மெகாவாட் நிலையமும் அதே வகை. இன்னொரு வழி நீங்கள் கேட்டது: எதையும் தேக்காமல், ஓடுகிற நீரிலேயே விசிறியை வைப்பது. நம் மீனவர்கள் 'நீவாடு' என்று சொல்கிறார்களே, அந்த ஓட்டத்திலேயே கை வைப்பது.

இதில் ஆசை காட்டுவது தண்ணீரின் எடைதான். கடல்நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தி. கணக்கு போட்டுப் பார்த்தால், மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு என்ன ஆற்றல் இருக்கிறதோ, அது நாம் நடக்கிற வேகத்தில், அதாவது நொடிக்கு 1.3 மீட்டரில் நகரும் கடல்நீரிலேயே இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அப்படிக் காற்று வீசினால் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கடலில் அதே சக்தி சத்தமே இல்லாமல் நகர்ந்து போகும்.

அப்புறம், காற்றாலைக்காரர்கள் அத்தனை பேரும் மனப்பாடமாக வைத்திருக்கும் விதி இங்கேயும் உண்டு. ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. நொடிக்கு 2.5 மீட்டர் ஓட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 8 கிலோவாட் இருக்கிறது. 3 மீட்டரில் கிட்டத்தட்ட 14. எந்த விசிறியாலும் இதில் 59 சதவீதத்துக்கு மேல் பிடிக்க முடியாது என்பது இயற்பியல் போட்ட எல்லை; நடைமுறையில் 40 கிடைத்தால் நல்ல இயந்திரம். அப்படிப் பார்த்தால் 18 மீட்டர் விட்டமுள்ள ஒரு விசிறி 3 மீட்டர் ஓட்டத்தில் 1.4 மெகாவாட் தரும். காற்றில் அதே அளவு எடுக்க 80 மீட்டர் விட்டம் வேண்டும்.

சரி, நொடிக்கு 3 மீட்டர் ஓட்டம் எங்கே இருக்கிறது? திறந்த கடலில் இருக்காது. ஆழ்கடலில் ஓதம் மெதுவாகத்தான் நகரும். இரண்டு கடல்களுக்கு நடுவே ஒரு குறுகலான வாசல் இருந்து, இரண்டு பக்கமும் நீர்மட்டம் வெவ்வேறு நேரத்தில் ஏற வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டு என்று ஓர் இடத்தைக் காட்டச் சொன்னால் ஸ்காட்லாந்தின் வட முனையைக் காட்டுவேன். நிலப்பகுதிக்கும் ஆர்க்னி தீவுகளுக்கும் இடையே இருக்கும் பென்ட்லாந்து நீரிணை அது. மேற்கே அட்லாண்டிக், கிழக்கே வட கடல். அட்லாண்டிக் பக்கம் ஏற்றம் வந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கிழக்குப் பக்கம் வரும். அதுவரை ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். நீர் சும்மா இருக்குமா? சில இடங்களில் நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டி ஓடுகிறது.

நீரிணையின் நடுவே ஸ்ட்ரோமா என்றொரு சிறு தீவு. அதன் வடக்கு முனையில் ஸ்வெல்கி என்ற சுழி. அந்தச் சுழிக்குப் பழைய நார்ஸ் மக்கள் சொன்ன கதை ஒன்று உண்டு. எதைக் கேட்டாலும் அரைத்துக் கொடுக்கும் ஒரு மாய ஆட்டுக்கல்லை மைசிங் என்ற கடல் ராஜா கவர்ந்து, கப்பலில் ஏற்றினான். ஃபென்யா, மென்யா என்ற இரண்டு அரக்கிப் பெண்களை விட்டு உப்பு அரைக்கச் சொன்னான். அரைத்த உப்பின் பாரத்தில் கப்பல் மூழ்கியது. கல் அடியில் கிடக்கிறது, அதன் குழிக்குள் நீர் இறங்குவதால்தான் சுழி, கடல் உப்பானதும் அதனால்தான் என்பது கதை. இப்போது அதே தீவுக்குத் தெற்கே, 30 மீட்டருக்கு மேலான ஆழத்தில், நிஜமாகவே நான்கு இயந்திரங்கள் சுற்றுகின்றன. மேஜென் என்ற திட்டம் அது. ஒவ்வொன்றும் 1.5 மெகாவாட், மொத்தம் 6. முதல் மின்சாரம் 2016 நவம்பரில் வந்தது. 2018 ஏப்ரலில் முறையான செயல்பாடு தொடங்கியது. ஓதநீரோட்டம் பற்றி யார் பேசினாலும் இந்த நான்கைச் சுற்றித்தான் பேச்சு வரும்.

'ஏமாற்றுவதில்லை' என்று கேள்வியில் இருக்கிறதே, அது உண்மை. இன்னும் பத்து வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு அங்கே ஓட்டம் எவ்வளவு இருக்கும் என்று இன்றைக்கே எழுதிவைக்கலாம். ஆனால் முன்கூட்டித் தெரிவது வேறு, தொடர்ந்து கிடைப்பது வேறு. சுமார் ஆறேகால் மணிக்கு ஒருமுறை ஓட்டம் திரும்பும். திரும்பும்போது நீர் நிற்கும்; மின்சாரமும் நிற்கும். தினமும் இது 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்த இடைவெளியைப் பேட்டரி வைத்துச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது பட்சக் கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் உச்சத்தில் இருக்கும். அஷ்டமியை ஒட்டி அடங்கிப்போகும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்று. அதுவும் ஒரு இடத்தில் மட்டும் இல்லை, எல்லாக் கடலுக்கும் ஒரே நிலா என்பதால் நாட்டின் எல்லா நிலையங்களும் ஒரே வாரத்தில் சேர்ந்து படுத்துவிடும். விளம்பரங்களில் இந்த வாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். மேலோட்டமாகப் பார்த்தால் காற்றாலைதான். கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், கோணம் மாற்றும் இறக்கைகள், ஓட்டம் திரும்பும்போது தலையைத் திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு எல்லாம் உண்டு. சுற்றுவது மிக மெதுவாக, நிமிடத்துக்குப் பதினைந்து சுற்றுக்குள். வேகமாகச் சுற்றவிட்டால் இறக்கை முனையில் அழுத்தம் விழுந்து நீர் குமிழியாகும். அந்தக் குமிழிகள் உடையும்போது இறக்கையையே அரித்துத் தின்றுவிடும்.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் தள்ளு விசையில். 18 மீட்டர் விசிறி 3 மீட்டர் ஓட்டத்தில் நிற்கும்போது நீர் அதைக் கிட்டத்தட்ட 95 டன் விசையுடன் பின்னால் தள்ளுகிறது. அதே 1.5 மெகாவாட் எடுக்கும் காற்றாலை மீது விழுவது 30, 35 டன்தான். சின்ன இறக்கை, மூன்று மடங்கு தள்ளு. அதனால்தான் மேஜெனில் ஒவ்வொரு இயந்திரத்தையும் மூன்று கால் இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, அதை அசையாமல் வைக்க ஆறு எடைக்கட்டிகளை ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கட்டிகள் மட்டும் சேர்ந்து 1,200 டன். இறக்கையின் அடிப்பகுதிக்கு வரும் வளைவு, பேரிங்குக்கு வரும் பாரம் எல்லாம் காற்றாலைக்காரனுக்குப் பழக்கமில்லாத எண்கள். நீர்ச்சுழலால் அந்தப் பாரம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இது போதாதென்று உப்பு, அப்புறம் இறக்கையிலும் உடம்பிலும் வந்து ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிரி.

கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் இதற்கு விலை கொடுத்தார்கள். உலகத்திலேயே உயரமான ஓதம், 16 மீட்டர் அளவு, அங்கேதான். 2009 நவம்பரில் ஓப்பன்ஹைட்ரோ நிறுவனம் செய்த 1 மெகாவாட் டர்பைன் ஒன்றை இறக்கினார்கள். மூன்று வாரத்துக்குள் இறக்கைகள் போய்விட்டன. போனது உடனே தெரியவும் இல்லை. கடலடியில் கேமராவை இறக்கிப் பார்ப்பதற்கே ஓட்டம் அடங்க வேண்டுமே. வெளியே எடுக்க 2010 டிசம்பர் ஆனது. அதே நிறுவனத்தின் இன்னொரு பெரிய டர்பைனை 2018 ஜூலையில் இறக்கிய சில நாட்களிலேயே தாய் நிறுவனம் கையை விரித்துவிட்டது. அந்த டர்பைன் தூக்க ஆளில்லாமல் பல வருடம் கடலடியிலேயே கிடந்தது.

நான் ஆரம்பத்தில் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. காற்றாலையில் கியர்பாக்ஸ் சத்தம் போட்டால் நாங்கள் ஏணி ஏறுவோம். காற்று அதிகமென்றால் மறுநாள் காலை ஏறுவோம். எண்ணெய் மாற்ற, போல்ட் முறுக்க, சென்சார் மாற்ற என்று வருடத்துக்கு எத்தனை முறை ஏறுகிறோம் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. பென்ட்லாந்தில் ஏணி கிடையாது. கப்பலும் கிரேனும் பேசிவைத்து, அஷ்டமிப் பக்கம் ஓட்டம் குறையும் நாளுக்காகக் காத்திருந்து, அந்த நாளிலும் நீர் நிற்கிற அரை மணி, முக்கால் மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் காற்று அடித்தால் அடுத்த வாய்ப்பு இரண்டு வாரம் கழித்து. குளிர்காலமாக இருந்தால் மாதங்கள்கூடப் போகும். ஒரு சின்ன சீல் ஒழுகினால்கூட முழு இயந்திரத்தையும் தூக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். வேகமான நீர் இருக்கும் இடத்தைத்தான் தேடிப் போகிறோம். அந்த வேகமே நம்மைக் கிட்ட விடுவதில்லை.

மேஜென் கணக்கைப் பாருங்கள். 6 மெகாவாட் ஒரு வருடம் முழுக்க ஓடினால் 5.25 கோடி யூனிட். ஓட்டம் நிற்பது, அடங்குவது எல்லாம் கழித்தால் நியாயமாக வருடத்துக்கு 2 கோடி எதிர்பார்க்கலாம். 2023 தொடக்கத்தில்தான் அந்தத் திட்டம் மொத்தமாக 5 கோடி யூனிட்டைத் தாண்டியது. 2018-இலிருந்து எண்ணினால்கூட ஐந்து வருடம், எதிர்பார்த்ததில் பாதி. கடல் ஒரு நாளும் லீவு போடவில்லை. பழுதுக்காகக் கரைக்கு வந்த இயந்திரங்கள் திரும்பப் போக முடியாமல் நாளைக் கழித்ததால் வந்த குறைவு இது.

ஆகவே இந்தத் துறையில் எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது 2025-இல் வந்த ஒன்று. அந்த நான்கில் ஓர் இயந்திரம் எதிர்பாராத பழுது எதுவும் இல்லாமல், தூக்கப்படாமல், ஆறு வருடத்துக்கு மேல் கடலடியில் தொடர்ந்து ஓடியிருக்கிறது. பேரிங்கும் சீலும் செய்து கொடுத்த எஸ்கேஎஃப் நிறுவனம் அதைப் பெருமையாக அறிவித்தது. வெளியாட்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றும். எத்தனை மெகாவாட் என்பதைவிட எத்தனை வருடம் தொடாமல் என்பதே இங்கே நிஜமான அளவுகோல்.

ஏணிப் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்க்கப் பார்த்தவர்களும் உண்டு. வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்ட் லாக்கில் 2008-இல் நிறுவிய சீஜென் இயந்திரம் அதில் முன்னோடி: 1.2 மெகாவாட், 16 மீட்டரில் இரண்டு விசிறிகள். கடலடியில் நட்ட ஒரு தூணில் குறுக்குக் கையாக அவற்றை மாட்டி, பராமரிப்பு வேண்டுமென்றால் கையோடு சேர்த்து நீருக்கு மேலே உயர்த்திவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. ஆனால் தூண் நடும் செலவும், ஆழம் குறைவான இடத்தில் மட்டுமே முடியும் என்பதும் அதைத் தடுத்துவிட்டன. 2019-இல் அதை முழுவதுமாக அகற்றிவிட்டார்கள். ஆர்க்னியில் ஆர்பிட்டல் நிறுவனம் 2021-இல் இறக்கிய ஓ2 என்ற இயந்திரம் மிதக்கும் வகை: 74 மீட்டர் நீளமான குழாய் போன்ற உடல், இரண்டு பக்கமும் கால் போல மடங்கி எழும் கைகள், அவற்றின் நுனியில் 20 மீட்டர் விசிறிகள், மொத்தம் 2 மெகாவாட். நங்கூரச் சங்கிலியில் நிற்கும். பழுதென்றால் சின்னப் படகில் போய் ஏறிக்கொள்ளலாம். பெரிய கிரேன் கப்பல் வேண்டாம். ஓட்டத்தின் வேகம் மேற்பரப்பை ஒட்டித்தான் அதிகம் என்பது கூடுதல் லாபம். புயலலை அடிப்பது அதற்கான விலை. பராமரிப்புக்காரனைக் கேட்டால் நான் மிதக்கும் வகைக்குத்தான் கை தூக்குவேன்.

விலை பற்றியும் சொல்ல வேண்டும். 2022-இல் பிரிட்டிஷ் அரசு நடத்திய ஏலத்தில் ஓதநீரோட்டத்துக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கி, சுமார் 41 மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். விலை, 2012-இன் பண மதிப்பில், யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 18 பென்ஸ். அதே ஏலத்தில் கடற்காற்றாலைக்குக் கிடைத்தது 4 பென்ஸுக்கும் குறைவு. ஐந்து மடங்கு இடைவெளி. இயந்திரங்கள் கூடக் கூட இது இறங்கும் என்பது நம்பிக்கை. காற்றாலையும் அப்படித்தான் இறங்கியது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் காற்றாலைக்கு உலகமெல்லாம் இடம் இருந்தது. ஓடும் கடல் அப்படி இல்லை. ஒரு காலத்தில் பென்ட்லாந்து மட்டும் 10, 20 கிகாவாட் தரும் என்று அரசியல்வாதிகள் பேசினார்கள். 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது சராசரியாக 1.9 கிகாவாட் என்று வந்தது. காரணம் எளிது: வாசலில் விசிறிகளை அடுக்க அடுக்க வாசல் அடைபடுகிறது, நீர் மெதுவாகிறது, சிலது வேறு வழியாகப் போய்விடுகிறது. பிரிட்டன் முழுவதற்கும் சேர்த்து 2021-இல் வந்த ஓர் ஆய்வு, நாட்டின் மின் தேவையில் 11 சதவீதம் வரை இதிலிருந்து கிடைக்கலாம் என்றது. சின்ன அளவில்லைதான், உலகத்தைக் காப்பாற்றும் அளவும் இல்லை.

மீன் அடிபடாதா என்று அடுத்ததாகக் கேட்பார்கள். சீஜென் வைத்த இடம் கடல்நாய்கள் வாழும் இடம். ஆரம்பத்தில் கடல்நாய் கிட்டே வந்தாலே இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி நிபந்தனை போட்டிருந்தார்கள். மூன்று வருடம் கண்காணித்ததில் பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை. இறக்கை மெதுவாகச் சுற்றுவதால் அவை ஒதுங்கிப் போகின்றன. நான்கு இயந்திரத்துக்கு இது சரி. நானூறு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நான்கைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. கனடாவில் மீன்வள அனுமதி இழுத்துக்கொண்டே போனதில் ஒரு நிறுவனம் 2023-இல் மூட்டையைக் கட்டிவிட்டது.

கடைசியாக நம் கடல். இந்தியாவில் ஓதம் என்றால் முதலில் குஜராத். காம்பே வளைகுடாவின் பாவ்நகர் பக்கம் நீர்மட்டம் 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஆலங்கில் பழைய கப்பல்களை ஓத ஏற்றத்தில் ஓட்டிக் கரையேற்றி, வற்றியதும் உடைக்கிறார்களே, அந்தத் தொழிலே இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான். காம்பேயில் 7,000, கட்ச் வளைகுடாவில் 1,200, சுந்தரவனத்தில் 100 மெகாவாட் என்று பழைய மதிப்பீடுகள் உண்டு. எல்லாம் அணை வகைக்கு. கட்சில் 50 மெகாவாட் நீரோட்டத் திட்டம் ஒன்றை 2011-இல் குஜராத் அரசு அறிவித்தது. கடலில் எதுவும் இறங்கவில்லை. மேற்கு வங்கத்தின் துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட் நிலையம் கட்டப் போட்ட கணக்கு மெகாவாட்டுக்கு 63 கோடி ரூபாயைத் தாண்டியது, அதோடு கைவிட்டார்கள்.

பாக் நீரிணையில் நிலைமை இதையும்விட மோசம். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுக்குள்தான். பாம்பன் கால்வாயில் சில மாதங்களில் நீர் இழுப்பதைப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். அந்த இழுப்பில் பெரும்பங்கு பருவக்காற்றின் வேலை. அது நிலாவின் அட்டவணைப்படி நாள்தோறும் நான்கு முறை வரும் ஓட்டம் அல்ல. மெதுவான ஓட்டத்துக்கென்றே பட்டம் போல நீருக்குள் எட்டு போட்டுப் பறக்கும் இயந்திரம் ஒன்றை ஃபாரோ தீவுகளில் மினெஸ்டோ நிறுவனம் 2024-இல் ஓட்டிக் காட்டியது. அதற்கும் நொடிக்கு 1.2 மீட்டராவது தொடர்ந்து வேண்டும். ஓட்டம் அரை மீட்டர்தான் என்று வைத்துப் பாருங்கள்: ஒரு சதுர மீட்டருக்கு 64 வாட், அதில் நாம் பிடிக்கக்கூடியது 25. கரையில் அதே ஒரு சதுர மீட்டர் சோலார் பலகை நடுப்பகலில் 200 வாட் தரும். தூசு படிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.